கால் பெருவிரல் மூட்டுத் தேய்மானம்: அறுவைக்குப் பின் எப்படி இருக்கும்? (கேள்வி பதில்)

கேள்வி: பெருவிரலின் அடிமூட்டு மேல்பக்கம் புடைத்திருக்கிறது. ஷூ போட்டால் உறுத்துகிறது. மூட்டின் இரு எலும்புகளையும் அசையாதபடி ஒன்றாக இணைத்துவிட வேண்டும் என்கிறார்கள். வேறு வழி இல்லையா?

பதில்: விரலை மேலே மடக்கும்போது கடைசியில் மட்டும் வலிக்கிறதா, பாதி வழியிலேயே வலிக்கிறதா? கடைசியில் மட்டும் என்றால் எலும்பு முள்தான் இடிக்கிறது. அதைச் செதுக்கி எடுக்கும் கைலெக்டமி போதும். காஃப்லின், ஷர்னாஸ் இருவரும் 2003இல் வெளியிட்ட ஆய்வில், பல ஆண்டுகள் கழித்தும் இந்தச் சிகிச்சை 92 சதவீத அறுவைகளில் பலன் தந்திருந்தது. பாதி வழியிலேயே வலித்தால் குருத்தெலும்பே போய்விட்டது என்று பொருள். அங்கே முள்ளை மட்டும் எடுப்பது வீண் வேலை.

கேள்வி: இணைத்துவிட்டால் நொண்டி நொண்டித்தான் நடக்க வேண்டுமா?

பதில்: எல்லோருக்கும் வரும் பயம் இது. உங்கள் மூட்டு இப்போது எவ்வளவு அசைகிறது? பெரும்பாலும் சில டிகிரிதான், அதுவும் வலியோடு. இழக்கப்போவது அந்தக் கொஞ்சத்தைத்தான். தரையிலிருந்து 10 முதல் 15 டிகிரி தூக்கிய நிலையில் விரலைப் பிளேட், ஸ்க்ரூ கொண்டு பொருத்துவோம். அந்தக் கோணம் சரியாக அமைந்தால் நடை, சைக்கிள், மலையேற்றம் எதுவும் தடைபடாது, ஓடுகிறவர்களும் உண்டு. கோணம் தவறினால்தான் சிக்கல். அதிகம் தூக்கிவிட்டால் விரல்நுனி ஷூவில் உரசும், தாழ்ந்துவிட்டால் நுனிமூட்டில் பாரம் ஏறும். உயரமான குதிகால் செருப்பை மறந்துவிடுங்கள். பத்தில் ஒன்பது பேருக்கு மேல் எலும்பு ஒட்டிவிடுகிறது.

கேள்வி: செயற்கை மூட்டு வைத்தால் அசைவு மிஞ்சுமே?

பதில்: முழங்காலுக்குக் கிடைத்த வெற்றி பெருவிரலுக்கு இன்னும் கிடைக்கவில்லை. கிப்சன், தாம்சன் இருவரும் 2005இல் வெளியிட்ட ஒப்பீட்டில், இணைத்த 38 விரல்களும் ஒட்டின. செயற்கை மூட்டு வைத்த 39இல் 6 தளர்ந்துபோய் அகற்றப்பட்டன. 2016இல் அமெரிக்க அனுமதி பெற்ற கார்ட்டிவா என்ற செயற்கைக் குருத்தெலும்பு பெரிதாகப் பேசப்பட்டது. எதிர்பார்த்ததைவிடச் சிக்கல்கள் அதிகம் என்று 2024இல் அதைத் திரும்பப் பெற்றார்கள். தோல்வியடைந்த செயற்கை மூட்டை எடுத்த குழியில் பிறகு இணைப்பது முதலிலேயே இணைப்பதைவிடக் கடினம். வேறிடத்து எலும்பை வெட்டி நிரப்ப வேண்டிவரும். என் மூட்டாக இருந்தால் இணைப்பையே கேட்பேன்.

கேள்வி: சிகரெட் பிடிக்கிறேன். பரவாயில்லையா?

பதில்: பரவாயில்லை என்று சொல்ல மாட்டேன். எலும்பு ஒட்டுவதை நிகோடின் தடுக்கிறது. விட்டுவிட்டு வாருங்கள், தேதி குறிக்கலாம்.

கேள்வி: இணைத்து மூன்று மாதம் ஆகிறது. வலி இல்லை, ஆனால் மாலையில் வீங்குகிறது. ஏதோ தவறாகிவிட்டதா?

பதில்: எக்ஸ்ரேயில் எலும்பு ஒட்டியிருந்தால் கவலை வேண்டாம். பாதத்து வீக்கம் முழுதாக வடிய ஆறு மாதம், சிலருக்கு ஒரு வருடம்கூட ஆகும். சிவந்து, சூடாகி, நீர் கசிந்தால் மட்டும் அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். புது ஷூ வாங்குவதைத் தள்ளிவையுங்கள். இப்போதைய அளவு பிறகு பொருந்தாது.