கேள்வி பதில்: அமெரிக்க அரசும் அழைப்புப் பதிவுகளும்

அமெரிக்காவின் உளவு அமைப்பான என்.எஸ்.ஏ., சொந்த நாட்டு மக்களின் தொலைபேசிப் பதிவுகளை மொத்தமாக அள்ளிய விவகாரம் பற்றி யாரும் எதையும் கேட்கலாம் என்று சொல்லியிருந்தேன். ஆரம்பிக்கும் முன் ஒரே ஒரு எச்சரிக்கை: பேட்ரியாட் சட்டத்தின் 215 ஆவது பிரிவு வேறு, ஃபிசா சட்டத்தின் 702 ஆவது பிரிவு வேறு. 215 என்பது யார் யாரை எப்போது அழைத்தார்கள் என்ற பட்டியல். 702 என்பது வெளிநாட்டில் இருக்கும் வெளிநாட்டவரைக் குறிவைத்து அவர்களின் பேச்சையும் மின்னஞ்சலையும் எடுப்பது. இரண்டையும் குழப்பிக்கொண்டு வந்தால் கோபம் வரும்.

கேள்வி: ஸ்னோடன் அப்படி என்னதான் வெளியே கொண்டுவந்தார்?

என்.எஸ்.ஏ.வுக்கு ஒப்பந்த வேலை பார்த்த அவர் கொண்டுவந்தது நிறைய. தொலைபேசி சம்பந்தப்பட்டது ஒரு நான்கு பக்க உத்தரவு, கார்டியன் நாளிதழ் 2013 ஜூன் 5 அன்று வெளியிட்டது. உளவுக் கண்காணிப்புக்கு அனுமதி தரும், ரகசியமாக இயங்கும் ஃபிசா நீதிமன்றம் ஏப்ரல் 25 அன்று வெரிசான் தொலைபேசிக் குழுமத்து நிறுவனம் ஒன்றுக்குப் போட்ட உத்தரவு அது. தினமும் எல்லா அழைப்புப் பதிவுகளையும் என்.எஸ்.ஏ.வுக்குக் கொடு, இதைப் பற்றி வெளியே மூச்சு விடாதே, அவ்வளவுதான் சாரம். இதில் வேடிக்கை, அதே வருஷம் மார்ச்சில் செனட்டர் ரான் வைடன், கோடிக்கணக்கான அமெரிக்கர்களைப் பற்றி ஏதாவது தகவல் திரட்டுகிறீர்களா என்று உளவுத் துறைத் தலைவர் ஜேம்ஸ் கிளாப்பரிடம் நேருக்கு நேர் கேட்டபோது, அவர் இல்லை என்றார். தெரிந்து செய்வதில்லை என்று ஒரு ஒட்டும் சேர்த்துக்கொண்டார்.

கேள்வி: அப்படியானால் எல்லோர் பேச்சையும் பதிவு செய்து வைத்திருந்தார்களா?

இந்தத் திட்டத்தில் இல்லை. மேலே இருக்கும் எச்சரிக்கையைப் படியுங்கள்.

கேள்வி: வெறும் நம்பர்தானே சார்? அதில் என்ன தெரிந்துவிடப் போகிறது?

ஒரு பதிவில் இருப்பது: அழைத்த எண், அழைக்கப்பட்ட எண், தொடங்கிய நேரம், எத்தனை நொடி, கருவியின் அடையாள எண், இன்னும் சில தொழில்நுட்பக் குறிகள். பெயர் கிடையாது. இப்போது ஒரு கற்பனை. செவ்வாய் காலை 9:12, நிருபர் ஒருவரின் எண்ணிலிருந்து ஓர் அரசு குமாஸ்தாவுக்கு 40 நொடி. 9:31, குமாஸ்தாவிடமிருந்து ஒரு வக்கீலுக்கு 35 நிமிடம். இரவு 11:50, குமாஸ்தாவிடமிருந்து நிருபருக்கு 2 நிமிடம். வியாழக்கிழமை பத்திரிகையில் ஊழல் செய்தி. யார் வாயைத் திறந்தது என்று கண்டுபிடிக்கப் பேச்சைக் கேட்க வேண்டுமா என்ன? வாய் பொய் சொல்லும், கிண்டல் பண்ணும், ஜாடையாகப் பேசும். பட்டியலுக்கு அதெல்லாம் தெரியாது, அதனால்தான் அலசுவதற்கு அது அத்தனை சுலபம்.

இன்னொன்று, தாவல் கணக்கு. சந்தேகப்படும் எண்ணோடு பேசியவர்கள், அவர்களோடு பேசியவர்கள், அவர்களோடும் பேசியவர்கள் என்று மூன்று தாவல் வரை போக அனுமதி இருந்தது. ஆளுக்கு 100 தொடர்பு என்றால் 100, பிறகு 10,000, பிறகு 10 லட்சம். ஒரே ஒரு ஆளில் தொடங்கியது இது!

கேள்வி: நான் தொலைபேசி நிறுவனத்தில் பில்லிங் பிரிவில் 12 வருஷம் இருந்தவன். அந்தப் பதிவு கம்பெனியுடையது, வாடிக்கையாளருடையது அல்ல. கம்பெனி கொடுத்தால் அவருக்கு என்ன நஷ்டம்?

வாங்க, இதற்காகத்தான் காத்திருந்தேன். அரசுத் தரப்பின் முழு வாதமும் இதுதான், 1979 இல் வந்த ஸ்மித் எதிர் மேரிலாந்து தீர்ப்பு. பால்டிமோரில் ஒரு பெண்ணிடம் கொள்ளையடித்தவன் அவருக்கே போன் போட்டு மிரட்டிக்கொண்டிருந்தான். போலீஸ் கேட்டுக்கொண்டதால் தொலைபேசி நிறுவனம் அவன் சுழற்றும் எண்களைக் குறிக்கும் கருவியை மாட்டியது, வாரண்ட் இல்லாமல். எண்ணை நிறுவனத்திடம் நீயாகத்தான் கொடுத்தாய், அதில் அந்தரங்கம் இல்லை என்றது உச்ச நீதிமன்றம். அது ஒரு ஆள், ஒரு போன், சில நாள். அதை வைத்துக்கொண்டு நாட்டையே அள்ளலாமா? 2013 டிசம்பர் 16 அன்று நீதிபதி ரிச்சர்ட் லியோன் கூடாது என்றார். 11 நாள் கழித்து நியூயார்க்கில் நீதிபதி வில்லியம் பாலி தாராளமாக என்றார். 2015 மே மாதம் மேல்முறையீட்டு நீதிமன்றம், 215 ஆவது பிரிவே இவ்வளவு அள்ள இடம் தரவில்லை என்று பாலியின் தீர்ப்பை மாற்றியது.

கேள்வி: மடியில் கனமில்லாதவனுக்கு வழியில் என்ன பயம்?

இது ஒன்பதாவது தடவை. கனம் எது என்று முடிவு செய்வது நீங்கள் அல்ல. அடுத்து.

கேள்வி: 54 பயங்கரவாதச் சதிகளைத் தடுத்ததாக அதிகாரிகள் சொன்னார்களே?

சொன்னார்கள். 2013 அக்டோபரில் செனட்டர் லேஹி குடைந்து கேட்டதும், தொலைபேசிப் பதிவுகளால் பிடிபட்டது ஒன்று, ஒருவேளை இரண்டு என்று இறங்கியது. அடிக்கடி காட்டப்பட்ட அந்த ஒன்றும், சான் டியாகோ டாக்சி ஓட்டுநர் ஒருவர் சோமாலியாவின் அல் ஷபாப் பயங்கரவாத அமைப்புக்கு 8,500 டாலர் அனுப்பிய வழக்கு. அந்த வழக்கிலேயே 2020 இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், தண்டனையை ரத்து செய்யாமலே, திட்டம் சட்டவிரோதம் என்று எழுதியது.

கேள்வி: என் மனைவியின் அழைப்பு விவரத்தை எடுக்க வழி உண்டா?

இடம் மாறி வந்துவிட்டீர்கள். அவரிடமே பேசுங்கள்.

கேள்வி: எந்தக் கட்சி எதிர்த்தது?

கட்சிக் கோடு இங்கே செல்லாது. 2013 ஜூலையில் திட்டத்துக்குப் பணத்தை நிறுத்தும் திருத்தம் 205க்கு 217 என்று தோற்றது. ஆதரித்தவர்களில் 94 பேர் குடியரசுக் கட்சி, 111 பேர் ஜனநாயகக் கட்சி. ஒபாமாவும் குடியரசுக் கட்சித் தலைமையும் ஒரே பக்கம், அதாவது திருத்தத்துக்கு எதிர்ப்பக்கம்.

கேள்வி (பில்லிங் நண்பர் மறுபடி): 2015 சட்டத்துக்குப் பிறகு பதிவுகள் கம்பெனியிடமேதானே இருந்தன? அப்புறம் என்ன பிரச்சினை?

நல்ல அடி, ஒத்துக்கொள்கிறேன். ஃப்ரீடம் சட்டம் குவியலை நிறுவனங்களிடமே விட்டது, தாவலை இரண்டாக்கியது, நீதிமன்றம் குறிப்பிட்ட எண்ணுக்கு அனுமதி தர வேண்டும் என்றது. ஆனால் 2017 இல் குறிவைக்கப்பட்டவர்கள் 40 பேர், வந்த பதிவுகள் 53 கோடிக்கு மேல்! திரும்பத் திரும்ப வந்தவையும் சேர்த்துத்தான், இருந்தாலும் பாருங்கள். 2018 இல் தொழில்நுட்பக் கோளாறால் வரக்கூடாத பதிவுகளும் வந்துவிட்டன என்று சொல்லி, 2015 முதல் சேர்த்த அத்தனையையும் அழித்தார்கள். உங்கள் கம்பெனிகள் அனுப்பிய லட்சணம் அது, பில்லிங்காரரே.

கேள்வி: 702 இன் கீழ் என் கால் லிஸ்ட்டை...

எச்சரிக்கை. மேலே. முதல் பத்தி.

கேள்வி: இப்போதும் நடக்கிறதா?

அந்தத் திட்டம் இல்லை. 2019 தொடக்கத்திலேயே நிறுத்திவிட்டார்கள், சட்ட அனுமதி 2020 மார்ச்சில் காலாவதியானது. 2018 இல் கார்பென்டர் வழக்கில், கைபேசி இருந்த இடத்தைக் காட்டும் பழைய பதிவுகளுக்குப் பொதுவாக வாரண்ட் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 5க்கு 4 என்று தீர்ப்பளித்தது. பில்லிங் நண்பர் அதற்குள் எழுதிவிட்டார், "அது இடத்துக்குத்தான், எண்ணுக்கு ஸ்மித் அப்படியே இருக்கிறதே" என்று. இருக்கிறது. அந்த ஒரு விஷயத்தில் அவர் ஜெயித்தார்.