குறட்டை, மூக்கடைப்பு, விடாத இருமல்: வாசகர் கேள்விகளுக்கு மருத்துவரின் பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் மூக்கையும் தூக்கத்தையும் பற்றியவை. ஒரே மாதிரிக் கேள்விகளை ஒன்றாகச் சேர்த்துவிட்டேன். எழுதியவர் யார் என்று தெரியாமலிருக்கச் சிங்கப்பூரில் அவர் வசிக்கும் பேட்டையின் பெயரை மட்டும் போடுகிறோம்.

என் வீட்டுக்காரருக்கு 52 வயது, டாக்சி ஓட்டுகிறார். குறட்டைச் சத்தம் பக்கத்து அறைவரை கேட்கும். அது எனக்குப் பழகிவிட்டது. ஆனால் நடுநடுவே சத்தம் சுத்தமாக நின்றுபோய், அப்புறம் மூச்சுத் திணறினாற்போல் திடுக்கென்று அசைந்து மறுபடி தூங்குகிறார். டாக்டரிடம் போகலாம் என்றால் ‘லைசென்ஸ் போய்விடும்’ என்று மறுக்கிறார். – ஈசூன்

சத்தம் நிற்கிற அந்த இடைவெளிதான் முக்கியம். அதைக் கவனித்து எழுதியிருக்கிறீர்களே, பாதி வேலை முடிந்தது. தூக்கத்தில் தொண்டைத் தசைகள் தளர்ந்து, நாக்கும் உள்நாக்கை ஒட்டிய சதையும் பின்னால் சரிந்து மூச்சுப் பாதையை அடைத்துவிடுகின்றன. நெஞ்சு மூச்சிழுக்கப் பார்க்கும், காற்று உள்ளே போகாது. ரத்தத்தில் ஆக்சிஜன் இறங்கியதும் மூளை அவரை உலுக்கி எழுப்பும், அவர் திணறி ஒரு மூச்சு வாங்கிவிட்டு மறுபடி தூங்கிவிடுவார், காலையில் கேட்டால் ‘நல்லாத்தானே தூங்கினேன்’ என்பார். உண்மையிலேயே அவருக்கு ஞாபகம் இருக்காது, ஆகவே அவரோடு சண்டை போடாதீர்கள்.

மூச்சு 10 வினாடியோ அதற்கு மேலோ நின்றாலும் அல்லது வெகுவாகக் குறைந்தாலும் அதை ஒரு தடவை என்று கணக்கு வைப்போம். மணிக்கு 5 தடவைக்குள் என்றால் கவலையில்லை, 15 தாண்டினால் நடுத்தரம், 30 தாண்டினால் கடுமை. நெஞ்சிலும் விரலிலும் கருவி மாட்டி ஓர் இரவு தூங்கினால் தெரிந்துவிடும், பலருக்கு அதை வீட்டிலேயே செய்யலாம். சிங்கப்பூரில் 2016-ல் வெளியான ஓர் ஆய்வில் பெரியவர்கள் பத்துப் பேரில் ஏறக்குறைய மூவருக்கு நடுத்தரமோ கடுமையோ ஆன இந்த நோய் இருந்தது. அவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு அது இருப்பதே தெரியாது.

லைசென்ஸ் பயம் எனக்குப் புரிகிறது, அதுதான் வீட்டு வருமானம். ஆனால் சிவப்பு விளக்கில் நிற்கும்போதே கண் சொக்குகிற ஒருவர் பின்சீட்டில் ஆளை ஏற்றிக்கொண்டு விரைவுச்சாலையில் போவதை நினைத்துப் பாருங்கள். கவனிக்காமல் விட்ட நோய்தான் ஆபத்து. ஒழுங்காகச் சிகிச்சை எடுத்து, பகல் தூக்கம் நின்ற பிறகு மறுபடி ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். பகலில் தூங்கி விழுகிறார் என்றால் மட்டும், பரிசோதனை முடியும்வரை ஓட்டாமல் இருக்கச் சொல்லுங்கள், இதில் விட்டுக்கொடுக்காதீர்கள். இந்த நோயை அப்படியே விட்டால் ரத்த அழுத்தம் ஏறும், இதயத் துடிப்பு தாறுமாறாகும், பக்கவாதம் வரும் வாய்ப்பும் கூடும்.

இன்றிரவு ஒரு காரியம் செய்யுங்கள். அவர் மல்லாந்து தூங்கும்போது கைப்பேசியில் சில நிமிடம் வீடியோ எடுங்கள், சத்தம் நின்று மறுபடி தொடங்குவது அதில் விழ வேண்டும். என் அனுபவத்தில் மனைவி பத்து வருஷம் சொல்லி நம்பாதவர்கள் அந்த வீடியோவைப் பார்த்ததும் பேச்சில்லாமல் கிளம்பி வருகிறார்கள். காலையில் தலைவலி, வாய் வறட்சி, இரவில் பலமுறை சிறுநீருக்கு எழுவது இதெல்லாம் உண்டா என்றும் குறித்துவையுங்கள். பலதுறை மருந்தகத்தில் காட்டி, அங்கிருந்து கடிதம் வாங்கிக்கொண்டு நிபுணரிடம் போனால் அரசாங்க மானியம் கிடைக்கும்.

நடுத்தரத்துக்கும் கடுமைக்கும் முதல் சிகிச்சை சிபேப் கருவி. முகமூடி வழியாகக் காற்றை மெல்லிய அழுத்தத்தில் அனுப்பி, பாதை மூடாமல் பார்த்துக்கொள்ளும். சிட்னியில் காலின் சல்லிவன் என்ற மருத்துவர் 1981-ல் கண்டுபிடித்துச் சொன்ன முறை. முதல் இரண்டு வாரம் எரிச்சலாகத்தான் இருக்கும், நிறையப் பேர் அந்த இடத்தில்தான் கருவியை அலமாரியில் போட்டுவிடுகிறார்கள். முகமூடி பொருந்தவில்லை என்றால் அளவை மாற்றலாம், தொண்டை காய்ந்தால் ஈரப்பதம் சேர்க்கும் பாகம் இருக்கிறது, எதுவானாலும் திரும்பி வந்து சொல்லுங்கள். சிலருக்குக் கீழ்த்தாடையை முன்னே இழுத்துப் பிடிக்கும் பல் கருவி போதும், சிலருக்கு அறுவை சிகிச்சை பொருந்தும். எடை குறைப்பதும், ஒருக்களித்துப் படுப்பதும், படுக்கும் முன் மதுவை விடுவதும் எல்லோருக்கும் உதவும். தூக்க மாத்திரையை மட்டும் தானாக வாங்கிப் போடக் கூடாது, அடைப்பை அது இன்னும் மோசமாக்கலாம்.

எனக்கு 34 வயது. காலையில் எழுந்தால் வரிசையாகத் தும்மல், அப்புறம் நாள் முழுக்க மூக்கடைப்பு. மருந்துக்கடையில் வாங்கிய சொட்டு மருந்து விட்டால் உடனே திறக்கிறது, ஆனால் மாதக்கணக்காக அது இல்லாமல் தூங்க முடியவில்லை. தலையணைக்குப் பக்கத்தில் கோடாலித் தைலமும் உண்டு. – செங்காங்

உங்களுக்கு இப்போது இரண்டு பிரச்சினை. முதலாவது ஒவ்வாமை, இரண்டாவது அந்தச் சொட்டு மருந்து. உடனே திறக்கிற சொட்டு மருந்துகள் மூக்குக்குள் இருக்கிற ரத்தக்குழாய்களைச் சுருக்குபவை. மூன்று, மிஞ்சினால் ஐந்து நாள்தான் அவற்றுக்குக் கணக்கு. அதற்கு மேல் போனால் மருந்து இறங்கியதும் சதை முன்னைவிட அதிகமாக வீங்கும், நீங்கள் மறுபடி விடுவீர்கள், மறுபடி வீங்கும். ஒரே நாளில் நிறுத்த முடியவில்லையென்றால் மூக்குக்குள் அடித்து வீக்கத்தை ஆற்றும் ஸ்டீராய்டு ஸ்பிரேயைத் தொடங்கிவிட்டு, முதலில் ஒரு துவாரத்துக்கு மட்டும் சொட்டு மருந்தை நிறுத்துங்கள், அது சரியானதும் மறு துவாரம். முதல் வாரம் கஷ்டம்தான், அதைத் தாண்டுங்கள்.

ஸ்டீராய்டு என்றதும் பயப்படுகிறார்கள். மூக்கில் அடிக்கும் அளவு மிகக் குறைவு, உடம்புக்குள் போவது அதிலும் குறைவு. உண்மையான சிக்கல் தப்பாக அடிப்பதும், மூன்று நாளில் ‘வேலை செய்யவில்லை’ என்று தூக்கிப் போடுவதும்தான். முழுப் பலன் தெரிய இரண்டு வாரம்கூட ஆகும். தலையைச் சற்றுக் குனியுங்கள். இடது துவாரத்துக்கு வலது கை, வலது துவாரத்துக்கு இடது கை, அப்போதுதான் முனை இரண்டு துவாரத்துக்கும் நடுவே இருக்கும் தண்டைப் பார்க்காமல் கண்ணின் வெளி ஓரத்தைப் பார்த்து நிற்கும். நடுத்தண்டில் அடித்துக்கொண்டே இருந்தால் புண்ணாகி ரத்தம் வரும். அழுத்தும்போது சாதாரணமாக மூச்சு இழுத்தால் போதும். தொண்டையில் கசந்தால் பலமாக உறிஞ்சிவிட்டீர்கள் என்று அர்த்தம்.

ஒவ்வாமைக்கு இங்கே முதல் குற்றவாளி தூசிப் பூச்சி. நம் ஊர்ப் புழுக்கத்துக்கு அது வருஷம் முழுக்க மெத்தையிலும் தலையணையிலும் வளரும். கண்ணுக்குத் தெரியாது. குளிர்ந்த நீரில் துவைத்தால் சாகாது, படுக்கை விரிப்பை வாரம் ஒருமுறை 60 டிகிரி வெந்நீரில் துவைக்க வேண்டும், மெத்தைக்குப் பூச்சி நுழையாத உறை போட வேண்டும். உப்புநீரால் மூக்கைக் கழுவலாம், ஆனால் கொதிக்கவைத்து ஆறிய தண்ணீர்தான். நம் குழாய்த் தண்ணீர் குடிக்க நல்லதென்றாலும் மூக்குக்குள் விடும்போது இந்தக் கவனம் தேவை. வெள்ளிக்கிழமை சாம்பிராணிப் புகை மூடிய அறைக்குள் சுற்றினால் உங்கள் மூக்கு தாங்காது, அந்த நேரம் சன்னலைத் திறந்துவிட்டு வேறு அறையில் இருங்கள்.

கோடாலித் தைலம் மூக்கு திறந்தது போன்ற உணர்வைத்தான் தரும், அடைப்பு அப்படியே இருக்கும். பிடித்திருந்தால் வைத்துக்கொள்ளுங்கள், கைக்குழந்தைக்கு மட்டும் பூசாதீர்கள்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். ஒரே பக்கம் மட்டும் அடைப்பு, காலைச் சளியில் ரத்தம், கழுத்தில் கட்டி, இவற்றில் எது இருந்தாலும் ஒவ்வாமை என்று உட்கார்ந்திருக்கக் கூடாது. மூக்குத்தொண்டைப் புற்றுநோய் இங்கே சீனர்களிடம் அதிகம், நம்மவர்களுக்குக் குறைவு, குறைவு என்றால் இல்லை என்று அர்த்தமில்லை.

அம்மாவுக்கு 68 வயது. இரண்டு மாதமாக வறட்டு இருமல். இரண்டு முறை ஆன்டிபயாட்டிக், மூன்று வகை இருமல் மருந்து, கற்பூரவல்லிக் கஷாயம், எதற்கும் அடங்கவில்லை. – ஜூரோங் வெஸ்ட்

அம்மாவின் ரத்த அழுத்த மாத்திரை உறையை எடுத்துப் பெயரைப் படியுங்கள். எனலாப்ரில், லிசினோப்ரில் என்று ‘ப்ரில்’ என முடிந்தால் அதுவே காரணமாக இருக்கலாம். தொண்டையில் யாரோ இறகால் வருடுவது போன்ற வறட்டு இருமல் அந்த மாத்திரையின் தெரிந்த பக்கவிளைவு, பெண்களுக்கு இன்னும் அதிகம், மாத்திரை தொடங்கிப் பல மாதம் கழித்துக்கூட வரும். மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம். மருந்து எழுதிக்கொடுத்த டாக்டரிடம் சொன்னால் ‘சார்டன்’ என முடியும் வேறு வகைக்கு மாற்றுவார். இருமல் பெரும்பாலும் நான்கு வாரத்துக்குள் அடங்கும், சிலருக்கு மூன்று மாதம்வரை இழுக்கும்.

‘ப்ரில்’ இல்லையென்றால் மூக்குச் சளி தொண்டையில் இறங்குவது, ஆஸ்துமா, வயிற்று அமிலம் மேலேறுவது என்று வரிசையாகப் பார்க்க வேண்டும். எப்படியானாலும் மூன்று வாரம் தாண்டிய இருமலுக்கு நெஞ்சு எக்ஸ்ரே எடுத்துவிடுங்கள். காசநோய் சிங்கப்பூரைவிட்டு இன்னும் போகவில்லை. எடை குறைவது, மாலைக் காய்ச்சல், சளியில் ரத்தம் இருந்தால் நாளைக்கே போங்கள்.

டாக்டர், நான் துவாஸில் வேலை செய்கிறேன். காலையில் எழுந்தபோது இடது காது கேட்கவில்லை, உள்ளே ‘ஙொய்’ என்ற சத்தம். அறை நண்பர் எண்ணெய் காய்ச்சி விடலாம் என்கிறார். விடலாமா?

இந்தத் தம்பிக்கு அச்சுக்குக் காத்திருக்காமல் அன்றே பதில் அனுப்பிவிட்டோம். மற்றவர்களுக்காக இங்கே எழுதுகிறேன். விடக் கூடாது. திடீரென்று ஒரு காது கேட்காமல் போவது அவசர நோய். காது நரம்பு பாதிக்கப்பட்டிருந்தால் ஸ்டீராய்டு மாத்திரையைச் சில நாட்களுக்குள் தொடங்குவது மிக நல்லது, இரண்டு வாரம் போய்விட்டால் கேட்கும் திறன் திரும்பும் வாய்ப்பு குறைந்துவிடும். வாயை மூடி ‘ம்ம்ம்’ என்று முனகிப் பாருங்கள். கேட்காத காதில் சத்தம் பெரிதாக ஒலித்தால் அழுக்கு அடைப்பாக இருக்கலாம், நல்ல காதுப் பக்கம் ஒலித்தால் நரம்பைச் சந்தேகிக்க வேண்டும். இது வீட்டில் ஒரு துப்புதான், பதில் எதுவாக வந்தாலும் அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். விடுதியில் இருப்பவர்கள் மேற்பார்வையாளரிடம் ‘காது வலி’ என்று பொதுவாகச் சொல்லாமல் ‘திடீரென்று கேட்கவில்லை’ என்றே சொல்லுங்கள்.

காது அழுக்கைக் குச்சியாலோ ஊக்காலோ எடுக்கவே வேண்டாம், அது தானாக வெளியே வரும். நீங்கள் குடையும்போது உள்ளேதான் தள்ளுகிறீர்கள்.

புகைமூட்டம் வந்தால் ஆஸ்துமாவுக்கு நீல இன்ஹேலரை அடிக்கடி அடிக்கலாமா? – உட்லண்ட்ஸ்

நீலம் மூச்சைத் திறக்கும், உள்ளே இருக்கும் அழற்சியை ஆற்றாது. வாரத்தில் இரண்டு முறைக்கு மேல் தேவைப்பட்டால் ஆஸ்துமா கட்டுக்குள் இல்லை, ஸ்டீராய்டு கலந்த தடுப்பு இன்ஹேலர் வேண்டும். நீலத்தை மட்டும் நம்பியிருக்கும் முறையை உலக ஆஸ்துமா வழிகாட்டி 2019-லேயே கைவிட்டுவிட்டது. தடுப்பு இன்ஹேலர் அடித்தபின் வாயைக் கொப்பளித்துத் துப்புங்கள். 2013 ஜூன் 21-ல் காற்றுத் தரக் குறியீடு 401 தொட்டதை மறந்திருக்க மாட்டீர்கள், அப்படிப்பட்ட நாளில் வெளியே போகாமல் இருப்பதே மேல், போயே ஆகவேண்டுமென்றால் என்95 முகக்கவசம் போடுங்கள். பேச முடியாத அளவு மூச்சு வாங்கினால் ஆம்புலன்ஸுக்கு 995-ஐ அழையுங்கள்.

என் மகனுக்கு ஐந்து வயது. வாயைத் திறந்துகொண்டே தூங்குகிறான், குறட்டையும் உண்டு. பாலர் பள்ளி ஆசிரியர் ‘கூப்பிட்டால் திரும்புவதில்லை, கவனமில்லை’ என்கிறார். பாட்டி ‘சின்னப் பிள்ளை, சரியாகிவிடும்’ என்கிறார். – பொங்கோல்

ஆசிரியர் சொன்னதை நான் மிகவும் பெரிதாக எடுத்துக்கொள்வேன். மூக்குக்குப் பின்னால் இருக்கும் அடினாய்டு சதை பெருத்தால் குழந்தை வாயால் மூச்சுவிடும், குறட்டை விடும். அதோடு காதுக்குப் போகும் குழாயையும் பாதிப்பதால் செவிப்பறைக்குப் பின்னால் பசை போன்ற நீர் தேங்கும். வலி இருக்காது, காய்ச்சல் இருக்காது, காது மட்டும் மந்தமாகும். கூப்பிட்டால் திரும்பாததற்கு அதுவே காரணமாக இருக்கலாம். தூக்கம் கெட்ட குழந்தை பெரியவர்களைப் போலச் சோர்ந்து உட்காராது, துறுதுறுவென்று ஓடும், எரிந்து விழும். ஆகவே ‘அடங்காத பிள்ளை’ என்று முடிவு கட்டுவதற்கு முன் காது கேட்கும் சோதனையைச் செய்துவிடுங்கள்.

பாட்டி சொல்வதிலும் நியாயம் உண்டு. அடினாய்டு வயது ஏற ஏறச் சுருங்கும், காது நீரும் பலருக்கு மூன்று மாதத்தில் தானாக வற்றும். ஆனால் இரவில் மூச்சு நிற்கிறதென்றாலோ, மூன்று மாதமாகியும் காது தெளியவில்லையென்றாலோ காத்திருப்பது பேச்சையும் படிப்பையும் பாதிக்கும். அப்போது அடினாய்டை எடுப்பது, செவிப்பறையில் சின்னக் குழாய் வைப்பது பற்றிப் பேசுவோம்.

தொண்டையின் இரு பக்கமும் இருக்கும் டான்சில் சதையை எடுத்தால் எதிர்ப்புச் சக்தி போய்விடும் என்று பலரும் எழுதுகிறீர்கள், அப்படிப் போவதில்லை. தொண்டைப் புண்ணுக்காக மட்டும் என்றால் ஒரு வருடத்தில் 7 தடவை, அல்லது இரண்டு வருடம் தொடர்ந்து ஆண்டுக்கு 5, அல்லது மூன்று வருடம் தொடர்ந்து ஆண்டுக்கு 3 என்று வந்தால்தான் எடுக்க யோசிப்போம். குறட்டையோடு மூச்சு நின்றால் இந்தக் கணக்கு பார்ப்பதில்லை. எடுத்த பிறகு இரண்டு வாரம்வரை ரத்தம் கசிய வாய்ப்புண்டு. அந்த நாட்களில் எச்சிலில் புது ரத்தம் தெரிந்தால், இரவு இரண்டு மணியானாலும், அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கிளம்பிவிடுங்கள்.