ப்ளீஜியாவா, பரேசிஸா?

கேள்வி: டிஸ்சார்ஜ் சம்மரியின் முதல் தாளில் ஹெமிப்ளீஜியா, கடைசித் தாளில் ஹெமிபரேசிஸ். எது சரி?

பதில்: இரண்டுமே சரியாக இருக்கலாம். ஹெமி என்றால் பாதி, அதாவது உடம்பின் ஒரு பக்கம். ப்ளீஜியாவின் வேர், 'அடி' என்று பொருள்படும் ப்ளேகே என்ற கிரேக்கச் சொல். அறவே அசைவில்லாத நிலை அது. பரேசிஸ் என்றால் தளர்வு. பலம் குறைந்திருக்கிறது, முற்றிலும் போகவில்லை. அருகில் 'பவர்' என்று போட்டிருக்கும் எண்ணைப் பாருங்கள். 0 என்றால் தசை துடிக்கவே இல்லை. 1 வெறும் துடிப்பு. 2 என்றால் படுக்கையோடு படுக்கையாகக் கையை நகர்த்தலாம், தூக்க முடியாது. 3 என்றால் தூக்கலாம், ஆனால் லேசாக அழுத்தினாலே விழுந்துவிடும். 4 ஓரளவு எதிர்த்து நிற்கும், 5 இயல்பு. கறாராகச் சொன்னால் 0 ப்ளீஜியா, 1 முதல் 4 வரை பரேசிஸ். சேர்த்த அன்று 0, வீட்டுக்கு அனுப்பும்போது 3 என்றால் சொல்லும் மாறத்தான் வேண்டும். சிலர் எல்லாவற்றுக்கும் ப்ளீஜியா என்றே எழுதிவிடுவார்கள். அதனால் சொல்லைவிட எண்ணை நம்புங்கள்.

கேள்வி: குவாட்ரிப்ளீஜியா, டெட்ராப்ளீஜியா வேறு வேறா?

பதில்: ஒன்றேதான். குவாட்ரி லத்தீன், டெட்ரா கிரேக்கம். இரண்டுக்கும் பொருள் நான்கு, அதாவது கை கால் நான்கும் செயலிழப்பது. தண்டுவடக் காயத்துக்கான சர்வதேச வகைப்பாடு டெட்ராவையே எடுத்துக்கொண்டது.

கேள்வி: பாரிசவாயுவில் இருப்பது பாராப்ளீஜியாவின் 'பாரா'தானா?

பதில்: இல்லை. பாரிசம் என்றால் பக்கம். வடமொழி 'பார்சுவ'த்தின் திரிபு. கிரேக்க 'பாரா'வுக்கும் 'பக்கத்தில்' என்ற பொருள் உண்டு என்பதால்தான் இந்த மயக்கம். நோயோ வேறு: பாரிசவாயு உடம்பின் ஒரு பக்கம், அதாவது ஹெமிப்ளீஜியா. பாராப்ளீஜியாவில் செயலிழப்பவை இரண்டு கால்களும். ஒன்றை மற்றதாக மொழிபெயர்த்தால் நோயாளியின் கையையும் சேர்த்து முடக்கிவிடுவீர்கள்.

கேள்வி: பரேஸ்தீசியா என்றால் லேசான வாதமா?

பதில்: அதில் பரேசிஸே இல்லை. பாரா, ஈஸ்தீசியா என்று பிரிக்க வேண்டும். ஈஸ்தீசியா உணர்ச்சி, அனஸ்தீசியாவில் வருவதும் அதுவே. ஊசி குத்துவது, எறும்பு ஊர்வது போன்ற உணர்வைக் குறிக்கும். தசை பலத்தைப் பற்றி அந்தச் சொல் எதுவும் சொல்வதில்லை.

கேள்வி: குழந்தைக்குக் கண் பரிசோதனையில் சைக்ளோப்ளீஜிக் சொட்டு மருந்து. வாதம் வருமா?

பதில்: பயப்பட வேண்டாம். கிட்டப் பார்க்க லென்ஸைக் குவிக்கும் வளையத் தசையை மட்டும் தற்காலிகமாக அசையாமல் வைப்பதற்குத்தான் அந்தப் பெயர். சைக்ளோ என்றால் வட்டம். அந்தத் தசை இறுகியிருந்தால் கண்ணாடி பவர் தப்பாக வரும். சைக்ளோபென்டோலேட் என்றால் பெரும்பாலும் ஒரு நாளில் தெளியும். அட்ரோபின் என்றால் ஒன்றிரண்டு வாரம்கூட ஆகலாம். அதுவரை படிக்க எழுத்து மங்கும், வெளிச்சம் கூசும்.