Re: காசிமேட்டில் சாரணர் படை, எங்கிருந்து தொடங்குவது?

நண்பரே, ஆபீஸ் வேலையோடு காசிமேட்டுப் பள்ளியில் 40 பையன்களை வைத்துச் சாரணர் படை தொடங்க வேண்டும், பயிற்சி இல்லை என்கிறீர்கள். 40 பேரோடு ஆரம்பிக்காதீர்கள். அணிக்கு ஆறு முதல் எட்டுப் பேர், நான்கு அணி, அதிகபட்சம் 32. அதற்கு மேல் போனால் விசில்தான் ஊதிக்கொண்டிருப்பீர்கள்.

முதலில் தலைமையாசிரியரின் ஒப்புதல், பிறகு மாவட்டச் சாரணர் அமைப்பில் பெயர்ப்பதிவு. படை நடத்துபவருக்கான அடிப்படைப் பயிற்சி ஏழு நாள், தங்கித்தான் செய்ய வேண்டும்; லீவை இப்போதே சொல்லி வையுங்கள். அடுத்து முதுநிலைப் பயிற்சி, கடைசியில் ஹிமாலய உட் பேட்ஜ், அதாவது படை நடத்துபவர்கள் பயிற்சி முடித்துப் பெறும் தகுதி. பயிற்சி முகாம் தேதி வரும்வரை ராயபுரம் பக்கம் ஏற்கெனவே நடக்கும் படையில் உதவிக்கு நில்லுங்கள்.

புதியவர்கள் சறுக்குவது ஒரே இடத்தில்: எல்லாவற்றையும் தானே கற்பிப்பது. கூட்டத்துக்கு அரை மணி முன்பே அணித்தலைவர்களை வரவழைத்து முடிச்சைச் சொல்லிக்கொடுங்கள்; அவர்கள் அணிக்குச் சொல்லட்டும். ஒரே தடிமன் கயிறுகளை இணைக்க ரீஃப் நாட் என்ற முடிச்சு, தடிமன் மாறினால் ஷீட் பெண்ட் என்ற முடிச்சு. வழுக்கும் நைலானில் ரீஃப் நாட் அவிழும், பருத்திக் கயிறு வாங்குங்கள். (வலை பின்னும் வீட்டுப் பையன் உங்களுக்கே பாடம் எடுப்பான், எடுக்கட்டும்.)

எந்தப் பையனோடும் தனியாக இருக்காதீர்கள். எப்போதும் இரண்டு பெரியவர்கள். வெளியே கூட்டிப்போனால் பெற்றோர் கையெழுத்து கட்டாயம்.