உயரம் எங்கிருந்து? – கடிதமும் பதிலும்

அன்புள்ள சார்,

எட்டாம் வகுப்பு படிக்கும் என் மகன், பள்ளியில் வைத்த வினாடி வினாவில் ‘உலகிலேயே உயரமான மலை எது’ என்ற கேள்விக்கு மௌனா கியா என்று எழுதிவிட்டு வந்தான். தவறு என்று அடித்துவிட்டார்கள். வீட்டுக்கு வந்ததிலிருந்து முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறான். யார் சொல்வது சரி? அப்புறம், செவ்வாயில் எவரெஸ்ட்டைப் போல இரண்டரை மடங்கு உயரத்துக்கு ஒரு மலை இருக்கிறதாமே, அதன் அடிவாரத்தில் நின்று அண்ணாந்து பார்த்தால் எப்படி இருக்கும் என்று கேட்கிறான். எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

எஸ்., நாமக்கல்

அன்புள்ள எஸ்,

பையன் எழுதியது தவறில்லை. முதலில் அவனைக் கூப்பிட்டு இதைச் சொல்லிவிடுங்கள். உயரம் என்றால் எங்கிருந்து என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும், கேள்வியில் அது விட்டுப்போயிருக்கிறது, அவ்வளவுதான்.

கடல் மட்டத்திலிருந்து அளந்தால் எவரெஸ்ட். 8,848.86 மீட்டர், நேபாளமும் சீனாவும் சேர்ந்து 2020-ல் அறிவித்த அளவு. ஹவாயில் இருக்கும் மௌனா கியா கடலுக்கு மேலே 4,207 மீட்டர்தான், ஆனால் அதன் அடி பசிபிக் கடலின் தரையில் இருக்கிறது, அங்கிருந்து உச்சி வரை பத்து கிலோமீட்டருக்கு மேல் வரும். பூமியின் மையத்திலிருந்து அளக்கிறேன் என்று ஒருவர் கிளம்பினால் இரண்டுமே இல்லை, ஈக்வடாரில் உள்ள சிம்பொராசோ. அது 6,263 மீட்டர்தான் என்றாலும், பூமி நிலநடுக்கோட்டுப் பக்கம் பிதுங்கி இருப்பதால் அதன் உச்சி எவரெஸ்ட்டின் உச்சியைவிட மையத்திலிருந்து சுமார் இரண்டு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது.

எவரெஸ்ட்டின் உயரத்தை முதலில் கணக்கிட்ட கதைக்கு நம்மூரில் ஒரு தொடக்கம் உண்டு. 1802-ல் வில்லியம் லாம்டன் என்ற ஆங்கிலேய நில அளவையாளர் சென்னை பரங்கிமலையிலிருந்து பெரும்பாக்கம் குன்று வரை ஏறத்தாழ 12 கிலோமீட்டர் தூரத்தை நூறு அடி நீளமுள்ள எஃகுச் சங்கிலியால் அளந்தார். அந்தச் சங்கிலி வெயிலில் நீளும் என்பதால் பக்கத்திலேயே வெப்பமானி வைத்து, நீண்டதையும் கணக்கில் சேர்த்து, 57 நாள். ஒரு பக்கத்தின் நீளமும் கோணங்களும் தெரிந்தால் மற்ற பக்கங்களைக் கணக்கிட்டுவிடலாம் அல்லவா, அந்த அடிக்கோட்டில் அப்படித் தொடங்கிய முக்கோண அளவைதான் தலைமுறை தாண்டி இமயமலை வரை போனது. நேபாளத்துக்குள் விடவில்லை என்பதால் 150 கிலோமீட்டருக்கும் அப்பால் சமவெளியில் நின்று கோணங்களை எடுத்தார்கள், அளவைத் துறையில் கணிதராக இருந்த ராதாநாத் சிக்தார் அவற்றை வைத்துக் கணக்குப் போட்டு, அதுவரை 15-ஆம் சிகரம் என்று மட்டும் குறித்து வைத்திருந்ததுதான் எல்லாவற்றிலும் உயரமானது என்று கண்டுபிடித்தார். பரங்கிமலைப் படிகளில் ஏறும்போதெல்லாம் எனக்கு அந்தச் சங்கிலி நினைவுக்கு வரும்.

சரி, செவ்வாய்க்கு வருவோம். 1971 நவம்பரில் மரினர் 9 விண்கலம் அங்கே போய்ச் சேர்ந்தபோது கிரகம் முழுக்கப் புழுதிப்புயல். படத்தில் ஒன்றுமே தெரியவில்லை, நான்கு கரும்புள்ளிகளைத் தவிர. புழுதி மெல்ல அடங்க அடங்கத்தான் புரிந்தது, அந்த நான்கும் புழுதிக்கு மேலே தலை நீட்டிக்கொண்டிருந்த எரிமலைகளின் உச்சிகள். அதில் ஒன்றுதான் ஒலிம்பஸ் மான்ஸ். அப்படி ஒரு காட்சியை முதன்முதலில் பார்த்தவர்களை நினைத்தால் எனக்கு இப்போதும் பொறாமையாக இருக்கிறது.

கடலே இல்லாத கிரகத்தில் எங்கிருந்து அளப்பது? செவ்வாயின் ஈர்ப்பையும் நிலநடுக்கோட்டில் அதன் சராசரி ஆரத்தையும் வைத்து ஒரு கற்பனை மட்டம் போட்டிருக்கிறார்கள். பிறகு வந்த இன்னொரு விண்கலம் தரையை நோக்கி லேசர் அடித்து, அது திரும்பி வர எடுத்த நேரத்தை வைத்து மேடு பள்ளங்களை அளந்தது. அந்த மட்டத்திலிருந்து ஒலிம்பஸ் மான்ஸ் சுமார் 22 கிலோமீட்டர்.

இனி உங்கள் மகனின் கேள்வி. அண்ணாந்து பார்த்தால் மலை தெரியாது! ஓரத்தில் சில இடங்களில் எட்டு கிலோமீட்டர் வரை பாறைச் சுவர் எழும்பி நிற்கிறது, அதைப் பார்த்து நிச்சயம் மிரண்டு போவான், ஆனால் உச்சி அதற்குப் பின்னால் முந்நூறு கிலோமீட்டர் தள்ளி இருக்கும். மலையின் மொத்த அகலம் 600 கிலோமீட்டர். சுவரைத் தாண்டி மேலே ஏறிவிட்டால் சரிவு ஐந்து டிகிரி அளவுதான். மருத்துவமனை வாசலில் சக்கர நாற்காலி ஏற்றுவதற்குப் போட்டிருக்கும் சாய்தளம் பன்னிரண்டு அடிக்கு ஒரு அடி உயரும் அல்லவா, கிட்டத்தட்ட அதே சாய்வுதான். அவனை அதில் ஒருமுறை நடக்கச் சொல்லுங்கள், செவ்வாயின் மலை காலுக்குப் புரிந்துவிடும். நாள்கணக்கில் நடந்தாலும் மலை மேல் நடக்கிறோம் என்றே தோன்றாது.

ஏன் இப்படிப் பரந்து கிடக்கிறது என்றால், அந்த எரிமலைக் குழம்பு நீர்த்தது, நீர்க்கக் கரைத்த தோசை மாவு மாதிரி ஓடிப் பரவும். உயரத்துக்குக் காரணம் வேறு. பூமியில் மேலே இருக்கும் பாறைத்தட்டு நகர்ந்துகொண்டே இருக்கிறது, அடியிலிருந்து குழம்பு வரும் இடமோ ஏறத்தாழ அப்படியே இருக்கிறது; கரண்டியை ஒரே இடத்தில் பிடித்து ஊற்றிக்கொண்டே கல்லை இழுத்தால் சின்னச் சின்ன தோசைகளாக வரிசையாய் விழுமே, அப்படி வந்தவைதான் ஹவாய்த் தீவுகள். செவ்வாயில் கல் நகரவில்லை, ஊற்றியதெல்லாம் ஒரே இடத்தில் மேலே மேலே சேர்ந்துவிட்டது. போதாததற்கு அங்கே ஈர்ப்பும் நமது ஈர்ப்பில் 38 சதவீதம்தான், அதனால் அடிப்பாறை அவ்வளவு பாரத்தையும் தாங்குகிறது. இங்கே அந்த அளவு குவிந்தால் தன் பாரத்திலேயே தரையை அழுத்திக்கொண்டு கீழே இறங்கிவிடும். மௌனா கியாவே கடல்தரையை வளைத்து அமுக்கிக்கொண்டுதான் நிற்கிறது.

வெள்ளியில் மாக்ஸ்வெல் மலை 11 கிலோமீட்டர், வியாழனின் துணைக்கோள் ஐயோவில் 17 கிலோமீட்டர் அளவில் ஒன்று இருக்கிறது. ஆனால் உங்கள் மகனுக்குச் சொல்ல வேண்டியது வெஸ்டா. செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே சுற்றும் குறுங்கோள், 2011-ல் டான் விண்கலம் அதை நெருங்கிப் படம் எடுத்தது. தென்துருவத்தில் எதுவோ வந்து மோதியதில் பெரும்பள்ளம் விழுந்து, அதன் நடுவில் ஒரு சிகரம் எழும்பியிருக்கிறது, பள்ளத்தின் தரையிலிருந்து அளந்தால் இருபது கிலோமீட்டருக்கு மேல். ஒலிம்பஸ் மான்ஸ் பெரியதா, இது பெரியதா என்றால் அங்கேயும் பதில் எங்கிருந்து அளக்கிறோம் என்பதைப் பொறுத்துத்தான். அந்த வெஸ்டாவின் குறுக்களவு மொத்தமே சுமார் 525 கிலோமீட்டர், அதைத் தூக்கி ஒலிம்பஸ் மான்ஸ் மேல் வைத்தால் மலை நாலாபக்கமும் வெளியே தெரியும்.