பி.பி.ஏ. படிக்கும் மகள் எப்போதும் மன்ற வேலையிலேயே இருக்கிறாளா?

வணக்கம் அம்மா. மகள் பி.பி.ஏ. இரண்டாம் ஆண்டு, துறை மன்றத்தில் பொருளாளர், அதோடு என்.எஸ்.எஸ். (நாட்டு நலப்பணித் திட்டம்), இ.டி. செல் (தொழில்முனைவோர் மேம்பாட்டு அமைப்பு), கல்ச்சுரல்ஸ் என்று ஓடுகிறாள், இதையெல்லாம் நிறுத்தச் சொல்லட்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். எல்லாவற்றையும் நிறுத்த வேண்டாம். ஆனால் நாலையும் ஒரே நேரத்தில் இழுத்துக்கொண்டு ஓடவும் வேண்டாம்.

மதிப்பெண் பற்றிய உங்கள் பயம் நியாயமானதுதான். வளாகத் தேர்வுக்கு வரும் பல நிறுவனங்கள் அரியர் இருந்தால் முதல் சுற்றுக்கே விடுவதில்லை. கேட் (CAT) நுழைவுத் தேர்வு எழுதி எம்.பி.ஏ. படிக்க ஐ.ஐ.எம். போகப் பொதுப் பிரிவுக்கு டிகிரியில் 50 சதவீதம் வேண்டும், அது போக நேர்முகத்துக்கு ஆள் எடுக்கும்போதே பத்தாவது, பிளஸ் டூ மதிப்பெண்களையும் சேர்த்துப் பார்க்கும் ஐ.ஐ.எம்.கள் பல. அந்தக் கட்டத்தில் சான்றிதழ்க் கட்டை யாரும் பிரித்துக்கூடப் பார்ப்பதில்லை. வருகைப்பதிவு 75 சதவீதத்துக்குக் கீழே போகவே கூடாது. மன்ற வேலைக்காக வகுப்புக்கு வரவில்லை என்று ஓ.டி. (ஆன் டியூட்டி) வாங்கினால் வருகை கிடைத்துவிடும், அன்று நடத்திய காஸ்டிங் கணக்கை யார் சொல்லிக்கொடுப்பது?

சரி, இப்போது பொருளாளர் பதவிக்கு வருகிறேன், அதை மட்டும் விடச் சொல்லாதீர்கள். ஒரு மேனேஜ்மென்ட் மீட், அதாவது மேலாண்மை மாணவர்களுக்கான போட்டி விழா, நடத்த ஸ்பான்சர் தேடி அவள் கடை கடையாக ஏறி இறங்க வேண்டும். "பேனரில் என் கடைப் பெயரைப் போட்டால் எனக்கு என்னம்மா லாபம்?" என்று ஸ்வீட் கடைக்காரர் கேட்பார், அதற்கு அங்கேயே நின்று பதில் சொல்லியாக வேண்டும், மார்க்கெட்டிங் பாடத்தில் இதைவிடக் கடினமான கேள்வி வராது. அப்புறம் சாப்பாட்டுக்காரருக்கு அட்வான்ஸ், பில் இல்லாமல் செலவு செய்துவிட்டுப் பணம் கேட்டு நிற்கும் நண்பன், கடைசி நாளில் ஏறிப்போன மேடைச் செலவு, எல்லாம் முடிந்து பொறுப்பாசிரியரிடம் ரூபாய் குறையாமல் கணக்கு ஒப்படைப்பது. நேர்முகத்தில் "ஒரு சிக்கலைச் சமாளித்த அனுபவம் சொல்லுங்கள்" என்று கேட்பார்கள், பத்து விழாவில் பங்கேற்றவர்கள் பலர் அங்கே திணறுவதைப் பார்த்திருக்கிறேன், ஒரே ஒரு விழாவின் பணத்தைக் கையில் வைத்திருந்த பிள்ளைகள் தயங்காமல் பேசுகிறார்கள்.

என்.எஸ்.எஸ். இரண்டு ஆண்டில் 240 மணி நேரம், ஏழு நாள் முகாம். பாதி தாண்டியிருப்பாள், முடித்துவிடட்டும். இ.டி. செல் கூட்டங்களுக்குப் போய் உட்கார்ந்து கேட்டால் போதும், பொறுப்பு எதுவும் ஏற்க வேண்டாம். கல்ச்சுரல்ஸில் ஆடுவதும் பாடுவதும் அவளுக்கு உயிர் என்றால் வருடத்துக்கு ஒன்று இருக்கட்டும், மற்றவர்கள் கூப்பிட்டார்கள் என்பதற்காகப் போகிறாள் என்றால் அதை விட்டுவிடலாம்.

"ஊர் சுற்றுகிறாய்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள் அம்மா, அந்த வார்த்தைக்குப் பிறகு அவள் வீட்டில் எதையும் சொல்ல மாட்டாள். மன்றக் கணக்கு நோட்டை எடுத்து வரச் சொல்லி, எங்கே இவ்வளவு செலவானது என்று ஆர்வமாகக் கேளுங்கள். இரவு ஒத்திகை இருந்தால் பொறுப்பாசிரியர் எண்ணும் கூட வரும் தோழியின் எண்ணும் உங்களிடம் இருக்க வேண்டும் என்று தயங்காமல் சொல்லலாம், அது உங்கள் உரிமை. அடுத்த இன்டர்னல் தேர்வுத் தேதி தெரிந்தவுடன், அதற்கு முந்தைய பத்து நாள் மன்ற வேலையை இணைச் செயலாளரிடம் விட்டுவிடும்படி இப்போதே பேசி வைக்கச் சொல்லுங்கள்.