எல்லாமே காப்பிக் கசப்பாகத் தெரிந்தால் இம்பீரியல் ஸ்டவுட்டுக்கு எப்படி மதிப்பெண் தருவது?

"இம்பீரியல் ஸ்டவுட் என்ற வலுவான கருப்புப் பீரில் மூன்றைக் குடித்துப் பார்த்தேன். மூன்றும் சர்க்கரை போடாத காப்பி போலவே இருந்தன. மற்றவர்கள் எப்படி 50-க்கு ஒன்று 35, இன்னொன்று 44 என்று பிரித்து மதிப்பெண் போடுகிறார்கள்?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில், உங்கள் நாக்கைக் குறை சொல்லாதீர்கள். நீங்கள் உணர்ந்த காப்பி உண்மையிலேயே அங்கே இருக்கிறது. பெரும்பாலான ஸ்டவுட்களில் காப்பித்தூள் ஒரு சிட்டிகைகூடச் சேர்வதில்லை. ஆனால் அவற்றில் போடும் கருப்பு மால்ட்டும் (மால்ட் என்பது முளைகட்டி உலர்த்திய தானியம்) வறுத்த பார்லியும் 200 டிகிரி செல்சியஸைத் தாண்டிய சூட்டில் வறுபட்டவை. காப்பிக்கொட்டை வறுபடும்போது நடக்கும் அதே வேதிமாற்றங்கள் இந்தத் தானியத்திலும் நடக்கின்றன. பைரசின் போன்ற அதே மணப்பொருள்கள் பிறக்கின்றன. 1817-இல் டேனியல் வீலர் என்ற ஆங்கிலேயர் மால்ட்டை உருளைக்குள் இட்டுக் கருக வறுக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். லண்டனிலிருந்து ரஷ்யப் பேரரசி இரண்டாம் கேத்தரினின் அரண்மனைக்கு வலுவான போர்ட்டர் என்ற கரும்பழுப்புப் பீர் போனது அதற்கும் முன்பு, 18-ஆம் நூற்றாண்டில். 'இம்பீரியல்' என்ற பெயர் அந்த ஏற்றுமதியால் வந்தது என்றாலும், பழுப்பு மால்ட்டில் காய்ச்சிய அந்தப் பீர் நீங்கள் குடித்ததைப் போன்ற கருங்காப்பியாக இருந்திருக்காது.

ஆகவே காப்பி தெரிந்தது சரிதான். அதற்கு மேல் எதுவும் தெரியாமல் போனதற்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம். பீர் அளவுக்கு மீறிக் குளிர்ந்திருந்தது. அல்லது வாயில் பட்ட எல்லாவற்றையும் 'கசப்பு' என்ற ஒரே சொல்லுக்குள் போட்டுவிட்டீர்கள். நான் பல ஆண்டுகள் இரண்டையும் செய்திருக்கிறேன்.

குளிரைப் பற்றி முதலில் சொல்கிறேன், ஏனென்றால் அதுதான் அதிகம் ஏமாற்றுகிறது. என் குறிப்பேட்டில் 11 விழுக்காடு ஆல்கஹால் கொண்ட ஒரு ஸ்டவுட்டுக்கு "வெறும் கரி, தட்டை, 28" என்று எழுதி வைத்திருந்தேன். சில வாரங்கள் கழித்து அதே பெட்டியிலிருந்து இன்னொரு பாட்டிலைத் திறந்து கோப்பையில் ஊற்றிய வேளையில் ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. முக்கால் மணி நேரம் பேசிவிட்டுத் திரும்பினேன். கோப்பையைத் தூக்கும்போதே மூக்கில் பேரீச்சம்பழமும் அத்திப்பழமும் ஏறின. அடியில் கருகிய சர்க்கரைப் பாகு, அதற்கும் அடியில் பழைய தோல்பையின் மணம். அதே பீர், அதே தொகுதி! மாறியது வெப்பநிலை மட்டும்தான். அன்று 41 எழுதினேன்.

ஃப்ரிட்ஜின் 4 டிகிரியில் மணப்பொருள்கள் எளிதில் ஆவியாவதில்லை. நாக்கும் இனிப்பைக் குறைவாகவே உணர்கிறது. கசப்பும் வாயுவின் சுருக்கும் மட்டும் முன்னால் வந்து நிற்கின்றன. உங்கள் சர்க்கரை போடாத காப்பி பெரும்பாலும் அப்படிப் பிறந்ததாகத்தான் இருக்கும். இந்த வகைக்கு 10 முதல் 13 டிகிரி நல்ல தொடக்கம். அங்கிருந்து 16 வரை மெல்ல ஏற விடுங்கள். பாட்டிலை வெளியே எடுத்து அரை மணி நேரமாவது பொறுத்திருங்கள்.

அடி அகன்று வாய் குறுகிய கோப்பை வேண்டும். அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஊற்ற வேண்டாம். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் நுரை நிற்காது என்பதால் நன்றாக அலசிக்கொள்ளுங்கள். நிறத்துக்கு அரை நிமிடம் போதும்: கருமை, ஒளி புகாத தன்மை, பழுப்பு நுரை. ஆல்கஹால் ஏற ஏற நுரை நிலைப்பது கடினம். மரப்பீப்பாயில் ஊறிய 13 விழுக்காடு பீரில் நுரை சட்டென்று கலைந்தால் அதற்காக மதிப்பெண்ணைக் குறைப்பது நியாயமில்லை.

மணத்துக்கு நேரம் கொடுங்கள். கோப்பையைச் சுழற்றாமல் இரண்டு சிறு முகர்தல், பிறகு சுழற்றி இரண்டு. மூக்கு விரைவில் களைத்துவிடும். இடையில் உங்கள் முழங்கையின் உட்புறத்தை முகர்ந்தால் மீண்டும் தெளியும். உடனே "வெனிலா", "கோகோ" என்று பெயர் தேட வேண்டாம். முதலில் இனத்தைச் சொல்லுங்கள்: கருகலா, பாகா, பழமா, மரமா, சாராய நெடியா? பழம் என்று தோன்றினால் பச்சைப் பழமா, உலர்ந்ததா என்று அடுத்த கேள்விக்குப் போகலாம். பாட்டிலில் ஒட்டியிருக்கும் வருணனையை முன்கூட்டியே படிக்காதீர்கள். படித்துவிட்டால் அங்கே எழுதியிருப்பதெல்லாம் மூக்குக்கும் வந்துவிடும்.

இனி சுவை. இங்கே தமிழ் நமக்குப் பெரிய துணை. பீர் நடுவர்களின் படிவத்தில் துவர்ப்பு ஒரு சுவையாக வராது. அது வாயுணர்வின் கீழ்ப் போய்விடும். உடலியல்படி அது சரிதான், துவர்ப்பு என்பது தொடு உணர்ச்சியைச் சேர்ந்தது. ஆனால் இனிப்பு, புளிப்பு, உவர்ப்பு, கசப்பு, கார்ப்பு, துவர்ப்பு என்று ஆறையும் பெயர் சொல்லிப் பிரிக்கும் பழக்கம் நமக்கு ஏற்கெனவே இருக்கிறது. அந்த ஆறு சொற்களையும் தாளில் எழுதிக்கொண்டு, ஒரு மிடறில் ஒரு சுவையை மட்டும் தேடுங்கள். ஆறு மிடறு, ஆறு சுவை. எனக்கு இந்தப் பீர் திறந்துகொண்டது இப்படித்தான்.

கசப்பையே எடுத்துக்கொள்வோம். இம்பீரியல் ஸ்டவுட்டில் அது குறைந்தது இரண்டு இடங்களிலிருந்து வருகிறது. கசப்புக்காகப் பீரில் சேர்க்கும் ஹாப்ஸ் பூவின் கசப்பு தூய்மையானது. விழுங்கிய பிறகு நாக்கின் பின்பகுதியில் நீளமாக நிற்கும். வறுத்த தானியத்தின் கசப்பு வறண்டது. அளவோடு இருந்தால் கருஞ்சாக்லேட், மீறினால் சாம்பல். பீர் நடுவர்களுக்குச் சான்றளிக்கும் அமெரிக்க அமைப்பான பி.ஜே.சி.பி. இந்த வகைக்கு 50 முதல் 90 வரை கசப்பு அலகுகளை வரம்பாக வைத்திருக்கிறது. மெல்லிய லாகர் பீருக்கு அது 8 முதல் 12 வரைதான்.

அத்தனை கசப்பையும் தாங்குவது இனிப்பு. நொதித்து முடிந்த பிறகும் இந்தப் பீரின் அடர்த்தி 1.018 முதல் 1.030 வரை நிற்கும், தண்ணீர் 1.000. ஈஸ்ட்டால் தின்ன முடியாத சர்க்கரைகள் அவ்வளவு மிச்சம் இருக்கின்றன என்று பொருள். இனிப்பு இருக்கிறதா என்பதைவிட, அது எப்போது விலகுகிறது என்பதே எனக்கு முக்கியம். நல்ல ஸ்டவுட்டில் இனிப்பு முதலில் வந்து, நடுவாயில் நிறைந்து, விழுங்கும் தருவாயில் கசப்புக்கு வழிவிட்டு ஒதுங்கும். மோசமானதில் உதட்டில் பிசுபிசுவென்று ஒட்டிக்கொண்டு போகவே போகாது.

துவர்ப்பைத் தேட, விழுங்கியபின் நாக்கை மேலண்ணத்தில் உரசிப் பாருங்கள். அதிகம் கொதித்த தேநீர் விட்டுச்செல்லும் சொரசொரப்பு இருந்தால் அதுதான். பலர் கசப்பு மிகுதி என்று புகார் சொல்வது உண்மையில் இதைப் பற்றித்தான். உமிகூடக் கருகிய மால்ட் மிகுந்தால் இது வரும்.

கார்ப்பு என்பது இங்கே ஆல்கஹாலின் சூடு. மிளகாயின் காரத்தை நமக்கு உணர்த்தும் அதே நரம்பு ஏற்பியைத்தான் ஆல்கஹாலும் தூண்டுகிறது, ஆகவே காரம் என்று எழுதினால் அது உவமை அல்ல. மார்புக்குள் மெல்ல இறங்கும் வெதுவெதுப்பு இந்த வகைக்கு அழகு. தொண்டையில் கத்தியாக இறங்கி, மூக்கில் பெயின்ட் கரைப்பான் நெடி அடித்தால் நொதித்தல் சரியாக நடக்கவில்லை, தயங்காமல் குறைத்துவிடுங்கள்.

புளிப்பும் உவர்ப்பும் பெரும்பாலும் எச்சரிக்கை மணிகள். வறுத்த தானியம் தரும் லேசான புளிப்பு இயல்பானது. வினிகர் போல ஏறினால் கிருமி புகுந்திருக்கிறது, பீப்பாயில் ஊறியவற்றில் இந்த ஆபத்து அதிகம். சோயா சாஸின் உவர்ப்பு தட்டுப்பட்டால் ஈஸ்ட் செத்துச் சிதைந்திருக்கிறது, அல்லது பாட்டில் நெடுநாள் வெம்மையில் கிடந்திருக்கிறது. முதுமை எல்லாமே கெடுதல் இல்லை. 1796-இல் ஓவியர் ஜோசப் ஃபாரிங்டன், பேரரசிக்காகக் காய்ச்சிய இந்த லண்டன் போர்ட்டர் ஏழு ஆண்டு தாங்கும் என்று கேள்விப்பட்டதைத் தன் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். குளிர்ந்த இருட்டில் வைத்த நல்ல பாட்டிலில் ஹாப்ஸின் கசப்பு தணிந்து, உலர் திராட்சையும் ஷெர்ரி ஒயின் போன்ற வாசமும் மேலெழும். நனைந்த அட்டைப்பெட்டி வாசம் வந்தால் மட்டும் அந்த முதுமை வீண்.

விழுங்கியவுடன் வாயை மூடி மூக்கு வழியாக மூச்சை விடுங்கள். மணம் தொண்டையின் பின்வழியாக மூக்குக்கு ஏறும். முகர்ந்தபோது கிடைக்காதவைகூட அப்போது கிடைக்கும். அரை நிமிடம் கழித்து என்ன மிச்சம் இருக்கிறது? கோகோவா, பாகா, சாம்பலா? என் மதிப்பீட்டில் பாதி அந்த மிச்சத்தில்தான் இருக்கிறது.

எண்ணுக்கு வருவோம். பி.ஜே.சி.பி. படிவம் 50-க்கு: மணம் 12, தோற்றம் 3, சுவை 20, வாயுணர்வு 5, ஒட்டுமொத்த மதிப்பு 10. அதன்படி 45-உம் அதற்கு மேலும் அபூர்வம்; 38 முதல் 44 வரை மிகச் சிறப்பு; 30 முதல் 37 வரை மிக நன்று. நீங்கள் சொன்ன 35-க்கும் 44-க்கும் இடையிலான வேறுபாடு பெரும்பாலும் சுவையின் 20-இலும் ஒட்டுமொத்தத்தின் 10-இலும்தான் விழும். நான் கோப்பை காலியாகும்வரை எண் எழுதுவதில்லை. அதற்குக் காரணம் இருக்கிறது.

ஒருமுறை நண்பர்கள் கூடிப் பதினோரு பாட்டில்களைப் பகிர்ந்துகொண்டோம், ஆளுக்கு இரண்டு வாய் அளவு. வெனிலா சேர்த்துப் பீப்பாயில் ஊறவைத்த ஒரு ஸ்டவுட்டுக்கு 46 கொடுத்தேன், அன்று அதுதான் முதலிடம். பிறகு அதே பீரில் ஒரு பாட்டிலைத் தேடி வாங்கி ஓர் அமைதியான மாலையில் திறந்தேன். நான்காவது மிடறில் வெனிலாவைத் தவிர எதுவும் இல்லை. பாதியை மீதம் வைத்துவிட்டேன். இப்போது என் குறிப்பேட்டில் அதற்கு 33. பத்துப் பீர்களுக்கு நடுவே ஒரு வாய் குடித்தால் உரக்கப் பேசுவதே வெல்லும். மதிப்பீட்டுத் தளங்களின் உச்சிப் பட்டியல்களில் இந்த வகை குவிந்து கிடப்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நம்புகிறேன். கடைசி மிடறிலும் இன்னொரு மிடறு வேண்டும் என்று தோன்றுகிறதா என்பதற்காகவே ஒட்டுமொத்தத்தின் 10-ஐ நான் ஒதுக்கி வைக்கிறேன்.

அளவையும் மறக்க வேண்டாம். 12 விழுக்காடு பீர் 330 மில்லியில் ஏறத்தாழ 40 மில்லி தூய ஆல்கஹால் இருக்கிறது. 5 விழுக்காடு பீரில் 16.5 மில்லிதான். ஒரு பாட்டிலை இருவரோ மூவரோ பகிர்ந்துகொள்ளுங்கள். ஒரே அமர்வில் இரண்டு ஸ்டவுட்டுக்கு மேல் மதிப்பிட வேண்டாம், மூன்றாவதற்குப் போடும் எண்ணை நானே நம்புவதில்லை. குடித்த அன்று வண்டியை எடுக்காதீர்கள்.

நீங்கள் குடித்த மூன்றில் ஒன்றை, முடிந்தால் குறைவாகப் பிடித்ததையே, இரண்டு பாட்டிலாக வாங்குங்கள். உடன் ஒரு நண்பரை அழைத்துக்கொள்ளுங்கள். ஒரு பாட்டிலை முக்கால் மணி நேரம் முன்னதாக வெளியே எடுத்து வைத்துவிட்டு, மற்றதை ஃப்ரிட்ஜிலிருந்து நேராகத் திறந்து, இரண்டிலிருந்தும் ஆளுக்குச் சிறிதளவு ஊற்றி மாற்றி மாற்றிச் சுவையுங்கள். ஆறு சுவைக்கும் ஆளுக்கொரு வரி, கடைசியில் ஒவ்வொரு கோப்பைக்கும் தனி எண். பீரின் பெயரோடு அந்த இரண்டு எண்களையும் இங்கே எழுதுங்கள். அதே பீர் என் குறிப்பேட்டிலும் இருந்தால் என் வரிகளைப் பக்கத்தில் வைத்துக் காட்டுகிறேன்.